சிவப்பு மையில் ஒரு சரி

எங்கள் தெருமுனை மரக்கறிக் கடைக்காரரின் விலைப் பலகையை நான் ஐந்து வருடமாகத் திருத்தி வருகிறேன். அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு சோக்குத் துண்டு இருக்கும். உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இங்கிலீஷில் தேவையில்லாத இடத்தில் அவர் போட்டுவைக்கும் அப்பொஸ்ட்ரஃபி குறிகளை அழித்துவிட்டு, ஒரு முட்டைக்கோவா வாங்கிக்கொண்டு வருவேன். அவர் வெள்ளைக்காரர். சிரிப்பாரே தவிர ஒருநாளும் கோபித்ததில்லை. இதை முதலில் சொல்வது, நான் யாரையும் வருத்துகிற ஆள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

நீங்கள் என்னுடைய சட்டத்தரணி. வியாழக்கிழமை விசாரணை. நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள்.

யாழ்ப்பாணத்தில் கணேசலிங்கம் மாஸ்டர் என்றால் தெரியும். இருபத்தெட்டு வருடம் இங்கிலீஷ் படிப்பித்தேன். எண்பத்து நான்கில் இங்கே, வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்தபோது ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைதான் கிடைத்தது. நம்மவர் ஒருவர் வீடு கேட்டுப் பிழை இங்கிலீஷில் எழுதிய கடிதத்தை அங்கே சுவரில் குத்திவைத்து, தேநீர் நேரத்தில் உரக்க வாசித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் ஒரு கொப்பி வாங்கி, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்வாசலில், டெலிபோனுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

மாடியில் இரண்டு அறைகளை நம்முடைய ஆட்களுக்கே வாடகைக்கு விடுவேன். வீட்டில் எது பழுதானாலும் கொப்பியில் இங்கிலீஷில் எழுதவேண்டும். நான் சிவப்பு மையால் திருத்திவைப்பேன். பிழையில்லாமல் வந்ததும் பழுதைப் பார்ப்பேன். பாடத்துக்குக் காசு வாங்கியதில்லை. முன்னறையில் இருக்கும் பாலேந்திரா குளியலறைக் குழாய்க்காக ஒரு மாதம் எழுதினான். அந்தப் பழக்கத்தில்தான் ஹவுன்ஸ்லோவில் வேலைக்குத் தானே விண்ணப்பம் எழுதி எடுபட்டான்.

பின்னறைக்குச் செபமாலைமுத்து வந்தது சென்ற ஐப்பசியில். குருநகர் ஆள், கடல் தொழில். இங்கே ஒரு லோண்டரியில் துணி வெளுக்கும் வேலைக்கு நின்றார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். நல்ல மனிதர். பனி கொட்டிய நாட்களில் நான் எழும்புவதற்கு முன்பே வாசற்படியைச் சுரண்டி உப்புப் போட்டுவிடுவார். யாரும் கேட்டதில்லை.

தை மாதம், ஒரு திங்கட்கிழமை அவருடைய முதல் குறிப்பு வந்தது. அறையிலிருக்கும் காஸ் ஹீற்றரைப் போட்டால் தலை இடிக்கிறது, நெருப்பு மஞ்சளாக எரிகிறது, வந்து பார்க்கவும். நான்கு வரி, பதினொரு பிழை. திருத்தி, 'மறுபடி எழுதவும்' என்று போட்டேன்.

புதன்கிழமை இரண்டாவது வந்தது. ஏழு பிழை. அன்று மாலை அவரே படியிறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மாஸ்டர், எழுத்துப் பிழையெண்டாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஒருக்கா வந்து பாருங்கோவன். காலமை தலையைத் தூக்க ஏலாமக் கிடக்கு."

"எழுதுங்கோ செபமாலை. எனக்கு வாயால சொன்னா, நாளைக்கு எல்லா இடத்திலும் வாயாலதான் சொல்லிக்கொண்டு நிப்பியள்."

"ஓம் மாஸ்டர்," என்றார்.

பாலேந்திரா சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான். "செபமாலை அண்ணை, நான் எழுதித் தாறன். உங்கட கையெழுத்தில படகுதான் ஓடுது, இங்கிலீஷ் ஓடயில்லை."

"நீ எழுதினால் எனக்குத் தெரியும்," என்றேன்.

"தெரியும் மாஸ்டர். இந்த வீட்டில நெருப்புப் பிடிச்சாலும் கிராமர் பாத்துத்தானே தண்ணி ஊத்துவியள்."

எல்லோரும் சிரித்தோம். செபமாலைமுத்துவும் சிரித்தார்.

அன்று இரவு மனைவி அருமைநாயகி, "பாவமப்பா, ஒருக்கா ஏறிப் பாருங்கோ. பதின்மூண்டு படிதானே," என்றாள். நாளைக்குச் சரியாக எழுதிவிடுவார் என்றேன். அவள் தன்னுடைய கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. போர்வைக்கு எழுத்து வேண்டும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாவது. மூன்றே பிழை. பதினொன்றிலிருந்து மூன்று, அதுவும் ஐந்து நாளில். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

சனிக்கிழமை பனி கொட்டியது. ஹீற்றரைப் போடாமல் யாரும் படுத்திருக்க முடியாது.

ஞாயிறு காலை தேவாரம் பாடி, விபூதி பூசிக்கொண்டு வந்தபோது வாசற்படியில் பனி அப்படியே கிடந்தது. கொப்பியில் ஒன்றும் இல்லை. அவர் மாதா கோயில் பூசைக்குப் போகும் நேரமும் கடந்துவிட்டது. நான் படியேறினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தது. மஞ்சளாகத்தான். அவர் போர்வையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மேசையில் ஒரு தாள் இருந்தது. நான்காவது முறை எழுதியது. பக்கத்தில் அவர் எழுதிப் பழகிய தாள்கள் ஏழெட்டு. அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்.

அந்தத் தாளில் இருக்கும் சிவப்புச் 'சரி' எப்போது போட்டது என்று பொலிஸ் கேட்கிறது என்றீர்கள். அப்போதுதான். நின்றபடியே முழுவதும் வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. பேனா பையில் இருந்தது. 'சரி' என்று போட்டு, திகதியும் எழுதினேன். அதன் பிறகு ஹீற்றரை நிறுத்தி ஜன்னலைத் திறந்தேன். அதன் பிறகு அவரைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது மூச்சில்லை. இரண்டு நிமிடம் இருக்கலாம். நான் உள்ளே போனபோது அவர் மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் முதலில் பார்த்தது தாளைத்தான்.

அவருக்காகத் தினமும் விளக்கு ஏற்றுகிறேன். அவர் வேதக்காரர் என்றாலும் கடவுள் ஒருவர்தான். அருமைநாயகி இப்போது என்னோடு கதைப்பதில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கும்.

நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள். குறிப்புகளில் அவ்வளவு பிழை இருந்ததால் ஆபத்து என்று எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால், கவனக்குறைவு என்ற குற்றத்தோடு விட்டுவிடக்கூடும் என்றீர்கள். உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் எனக்கு விளங்கியது. திங்கட்கிழமையே, முதல் வாசிப்பிலேயே விளங்கியது. புரட்டாசியில் ஹீற்றர் பார்க்க வந்த காஸ்காரர், நெருப்பு மஞ்சளானால் உடனே நிறுத்துங்கள், அதிலிருந்து வரும் நச்சுக் காற்று ஆளைக் கொல்லும் என்று என்னிடம் நேரில் சொல்லியிருந்தார். அவருடைய இங்கிலீஷும் மோசம்தான். அதுவும் விளங்கியது.

ஆகவே அதை எழுதவேண்டாம். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதோடு, இருபத்தெட்டு வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவன் நான்கு வரி விளங்கவில்லை என்று விசாரணையில் எழுந்து நின்று சொன்னால், சனம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?