பச்சை நூல்

மீஞ்சூரிலிருந்து வந்த காலை மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டியபோது, எதிர் இருக்கையில் இருந்தவர் சொன்னார்:

"செத்தவன் சாக்ஸப் பத்திதான் எழுதிக்கீறேன் மாமு."

பட்டாளத்திலிருந்து வந்து, இப்போது கண்டெய்னர் யார்டில் காவல் பார்க்கிறவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பக்கத்தில் அவருடைய நண்பர். குடியரசு தினத்துக்குத் தங்கள் குடியிருப்பில் கொடியேற்றும் ஏற்பாடு அவருடையது.

"இன்னா நைனா, கொடியேத்தசொல்லோ படிக்க வீரமா ஒரு கவிதை கேட்டா சாக்ஸுன்ற?"

"மலையப் புடிச்சி மேல போறோம், எதிரி ஆளு ஒருத்தன் செத்துக் கெடக்கறான். ஒரு ஷூ கயண்டு போச்சு. கருப்பு சாக்ஸு, குதிகால்ல ஓட்டை. அத்தப் பச்சை நூலால தச்சிக்கீறாங்க. வூட்ல கைக்குக் கெடச்ச நூலு போல."

"நீ சுட்டவனா?"

"தெர்ல. எல்லாருந்தான் சுட்டோம்."

"மலை இப்ப நம்மகிட்டதான கீது?"

"அப்பால பேசி முடிச்சி ரெண்டு பக்கமும் கீழ எறங்கிட்டாங்க. இப்ப அங்க பனிதான் கீது."

ரயில் திருவொற்றியூரில் நின்றது. நண்பர் மெதுவாகக் கேட்டார்:

"இத்தப் படிச்சா எவன் கை தட்டுவான்?"

"வேற எழுதலாம்னுதான் டெய்லி ஒக்கார்றேன். அந்தக் காலுதான் வருது. வேணான்னா வுட்ரு, நான் படிக்கல."

கொருக்குப்பேட்டையில் இருவரும் எழுந்தார்கள். கூட்டத்தில் நண்பர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இத்தயே படி நைனா. தட்டாட்டி போறாங்க, கேக்கட்டும்."