மிருதுளா, திருவோண நட்சத்திரம்

எங்கள் தெருவில் யாரும் பாஸ்வேர்டை மறந்ததே இல்லை, சார். கிழக்குத் தாம்பரத்தில் வேறு எந்தத் தெருவிலும் இப்படிச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அதற்கு நான்தான் காரணம். பெருமைக்காகச் சொல்லவில்லை.

டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நிறைய நேரம் இருந்தது. விமானப்படைப் பயிற்சி விமானங்கள் எங்கள் மொட்டைமாடிகளுக்கு மேலே நாள் முழுக்க வட்டமடிக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது? கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கெல்லாம் நான் போய் அதைச் சரிசெய்து கொடுத்தேன். பாஸ்வேர்டு வைக்க ஒரு முறை கண்டுபிடித்தேன். உங்கள் நட்சத்திரம், அதன் பின்னால் வீட்டு எண். நட்சத்திரத்தை யாரும் மறக்கமாட்டார்கள். வீட்டு எண் வாசலிலேயே எழுதியிருக்கிறது.

எதிர் வீட்டுத் துளசிங்கம்கூட, இந்த இடமெல்லாம் வயலாக இருந்த காலத்திலிருந்தே இங்கே இருப்பவர், ஒருநாள் வந்து நின்றார். "இன்னா சார், இந்தப் பொட்டி தொறக்க மாட்டேன்னுது. ஒரே பேஜாரா கீது." பூராடம், வீட்டு எண் என்று புதிதாக வைத்துக் கொடுத்தேன். "நம்ம ராஜாராமன் சார் இருக்கிற வரிக்கும் எவனுக்கும் மூளையே வாணாம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஆக, தெருவில் எல்லாருடைய பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும். இதில் தவறு எதையும் நான் பார்க்கவில்லை. டாக்டருக்கு எல்லாருடைய உடம்பும் தெரிந்திருக்கிறது.

ஸ்ரீவித்யா எங்கள் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தாள். கல்யாணம் ஒத்துவரவில்லை, விவாகரத்து ஆகிவிட்டது, குழந்தை இல்லை என்று என் மனைவி ரமாவிடம் சொன்னாள். தனியாக இருக்கும் பெண். ஒரு வங்கியின் கணக்குப் பிரிவில் வேலை. அங்கே செல்போனை அணைத்து லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். தண்ணீர் லாரி வந்தால் திறந்துவிட வேண்டும் என்பதற்காகச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டர் ஜன்னலோரம் மேசைமேல் இருக்கும். அதற்கும் நான்தான் பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தேன். ரேவதி, பின்னால் வீட்டு எண்.

லாரி வராத நாட்களிலும் நான் கீழே போவேன். குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டுமே. பேப்பர் படிப்பதுபோல அவளுடைய கம்ப்யூட்டரையும் கொஞ்சம் படிப்பேன். ஒரு மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போன்ற அமைதி அதில் இருந்தது. யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

பிறகு ஒருநாள் அது திறக்கவில்லை.

தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அடித்தேன். இல்லை, மாற்றியிருந்தாள். அன்று மாலை படிக்கட்டில் பார்த்தபோது, கம்ப்யூட்டர் சரியாக ஓடுகிறதா என்று பொதுவாகக் கேட்டேன்.

"பாஸ்வேர்டு மாத்திட்டேன் அங்கிள். ஒவ்வொருத்தரும் தனக்குன்னு ஒண்ணு வெச்சுக்கணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அசோசியேஷன் மீட்டிங்ல நீங்கதானே சொன்னீங்க?"

"ரொம்ப சரிம்மா" என்றேன்.

அன்று நான் சாப்பிடவில்லை என்று ரமா சொல்கிறாள். எனக்கு அது நினைவில்லை.

அடுத்து வந்த திருவோணத்தன்று எங்கள் காரில் அவளையும் திருநீர்மலைக்கு அழைத்துப் போனோம். மலையேறி, சன்னதியில் நின்றோம். கூட்டம் அதிகம். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பட்டர் கேட்டார்: "பேரு, நட்சத்திரம்?"

அவள் ஏதோ முணுமுணுத்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சத்தமா சொல்லும்மா. பெருமாளுக்குக் கேட்டுடும், எனக்குக் கேக்க வேண்டாமா?"

"மிருதுளா. திருவோண நட்சத்திரம்."

அப்போது அவள் கண்களை மூடியிருந்த விதத்தைப் பார்த்தேன். யார் மிருதுளா என்று கீழே இறங்கும்போது ரமா கேட்டாள். சிநேகிதியின் குழந்தை என்றாள். சிநேகிதியின் குழந்தைக்காக யாரும் அப்படிக் கண்ணை மூடுவதில்லை, சார்.

மறுநாள் அந்தப் பெயர், அந்த நட்சத்திரம், அந்த வீட்டு எண். திறந்துகொண்டது. நான் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் பின்பற்றியிருந்தாள், பெயரை மட்டும் முன்னால் சேர்த்திருந்தாள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்கமாட்டேன்.

உள்ளே எல்லாம் இருந்தது. மிருதுளா அவளுடைய மகள். முன்னாள் கணவன் பெயர் ஷ்யாம்சுந்தர். அவன் குழந்தையைப் பார்க்கவே கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. ஒரு புகைப்படத்தில் சின்னக் கை, முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை வடிவத்தில் ஒரு தழும்பு. பார்த்தேன். இஸ்திரி போடும் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் அது நேரலாம். தன்னை அவன் கண்டுபிடித்தாலும் குழந்தை கிடைக்கக் கூடாது என்று, அதைக் குன்றத்தூரில் ஹெப்சி என்ற சிநேகிதியின் வீட்டில் விட்டிருந்தாள். வாட்ஸப்பை அந்தக் கம்ப்யூட்டரிலும் இணைத்து வைத்திருந்தாள். ஹெப்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் ஒரே மாதிரி முடிப்பாள்: குட்டிக்கு நெத்தியில ஒண்ணு.

நான் அவசரப்படவில்லை. அவளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன். ரமா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தவளிடம், "உனக்கு ஒரு குழந்தை இருந்திருந்தா நன்னா இருந்திருக்கும், இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாததே நல்லது அங்கிள்" என்று சிரித்தாள்.

என் வீட்டுக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் எதையும் செய்திருக்கமாட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவள் வேலைக்குப் போன பிறகு கீழே போனேன். ஷ்யாம்சுந்தரின் எண் நீதிமன்றத் தாள்களில் இருந்தது. "மிருதுளா உங்களைக் கேட்கிறாள். பழையதை மறந்துவிடலாம். வந்து கூட்டிப் போங்கள்" என்று அவள் வாட்ஸப்பிலிருந்து எழுதி, ஹெப்சியின் முகவரியையும் கொடுத்தேன். ஒரு தகப்பனுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே. பிறகு ஹெப்சிக்கு: ஷ்யாம் வருவார், நாங்கள் பேசி முடித்துவிட்டோம், குட்டியை அனுப்பு.

ஹெப்சி லேசுப்பட்டவள் அல்ல. "என்னடி உளர்ற? அவன்கிட்டயா? ஃபோன் எடு" என்று எழுதினாள். அவள் அழைத்துப் பார்த்திருப்பாள். ஃபோன் லாக்கரில் அணைந்து கிடந்தது. "நீயே சொல்லாம நான் கதவத் திறக்க மாட்டேன்" என்று அடுத்த செய்தி.

கொஞ்ச நேரம் யோசித்தேன். மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இன்னிக்கு லீவு. ஃபோன்ல சார்ஜ் நிக்கல, வீட்டு கம்ப்யூட்டர்லேருந்து அடிக்கறேன். நான் யோசிச்சுதான் சொல்றேன் ஹெப்சி" என்று எழுதினேன். பதில் இல்லை. கடைசியாக, குட்டிக்கு நெத்தியில ஒண்ணு என்று சேர்த்தேன்.

"சரி" என்று வந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினேன். ரமா அடை வார்த்திருந்தாள்.

மாலையில் ஸ்ரீவித்யா படியேறி ஓடிவந்தாள். கையில் ஃபோன். "இதெல்லாம் நான் எழுதல அங்கிள். யாரோ என் கம்ப்யூட்டர்ல பூந்திருக்காங்க. குட்டிய கூட்டிட்டுப் போயிட்டான். அங்கிள், ஏதாவது பண்ணுங்க." போலீஸுக்கு முன்னால் அவள் என்னிடம்தான் வந்தாள் என்பதைக் கவனியுங்கள். ரமா அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குன்றத்தூர் போனாள். நான் போகவில்லை. யாராவது கம்ப்யூட்டரைக் கவனிக்க வேண்டுமே. கீழே போய் பாஸ்வேர்டை மாற்றினேன். மறுபடி ரேவதி, வீட்டு எண்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் ஷ்யாம்சுந்தரின் கார் குழந்தையோடு இறங்கியிருந்ததையும், அவன் மட்டும் கரையேறியதையும் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். பேப்பரில் படித்தேன். அது அவன் செய்தது. அங்கே எவ்வளவு ஆழம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம். இரண்டு பேருக்கும் எழுதியது நான்தான். அந்தக் குழந்தைக்காக யார் கதவைத் திறந்தார்கள் என்றால், நான்.

ஸ்ரீவித்யாவின் கம்ப்யூட்டரை நீங்களே திறந்துகொள்ளலாம், முறையைச் சொல்லிவிட்டேன். என்னுடையதையும் வீட்டிலிருந்து எடுத்து வந்து இந்த மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். என் நட்சத்திரத்தையும் வீட்டு எண்ணையும் போட்டுப் பார்த்திருப்பீர்கள், திறந்திருக்காது. அதன் பாஸ்வேர்டை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சார். ஒருவனுக்குத் தனக்கென்று ஏதாவது இருக்க வேண்டாமா?