வாலைப் பிடித்தவள்

உங்கள் மெஷினில் கோளாறு எதுவும் இல்லை, டாக்டர். இரண்டாம் தடவையும் சோதித்துவிட்டு, அவரை வெளியே உட்காரவைத்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டீர்களே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. கீழே காளிகாட் சந்தில் யாராவது சில்லறையைத் தவறவிட்டால்கூட இங்கிருந்தே எத்தனை நாணயம் என்று சொல்லிவிடுவார்.

நீங்கள் தமிழ் டாக்டர் என்று லேக் மார்க்கெட்டில் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று. இதை வங்காள மொழியில் விளக்க எனக்கு வராது.

என் வீட்டுக்காரர் கதிரேசனுக்குக் காப்பிப்பொடிக் கடை. அரைக்கிற மெஷினின் சத்தத்தை வைத்தே பொடி பதமா, இன்னும் ஒரு சுற்று வேண்டுமா என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குட்டி விமானம். ஜோகாவுக்கு அப்பால் ஒரு மைதானத்தில் கிளப்காரர்கள் கூடி, யாருடையது வேகம் என்று பறக்கவிட்டுப் பார்ப்பார்கள். எஞ்சின் என் கைமுஷ்டி அளவுதான் இருக்கும். போடுகிற சத்தம் ஊரைக் கூட்டும். அதன் புகை போகிற பைப்பை ஒரு ரப்பர் குழாயில் செருகி, முன்னே பின்னே நகர்த்தி நீளம் வைக்கவேண்டும். நீளம் சரியாக அமைந்து, அதற்கு ஏற்ற புரொப்பல்லரும் மாட்டியிருந்தால், ஒரு வேகத்துக்குமேல் கரகரப்பு போய்ச் சத்தம் கணீரென்று ஆகிவிடும். பைப் ஏறிவிட்டது என்பார்கள். வேகத்தை அளக்க மீட்டர் உண்டு. “காது இருக்கிறவனுக்கு மீட்டர் எதுக்கு?” என்பார் இவர்.

எஞ்சினைக் கிளப்பும்போது விமானம் ஓடிவிடாமல் பின்னால் மண்டியிட்டு வாலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பைப் ஏறினால் என் கைக்குத் தெரிந்துவிடும். பொம்மைக்கடையைப் பார்த்த குழந்தைபோல அது கையைப் பிய்த்துக்கொண்டு இழுக்கும்.

அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். அதுதான் தொல்லை. ஜெயித்த அன்று கிளப் மொத்தமும் லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். “பௌதி, ஆர் ஏக்டா தோசா”, இன்னும் ஒரு தோசை என்று அண்ணி முறை கொண்டாடிக்கொண்டு, மாவு தீரும்வரை நகரமாட்டார்கள். ஒரு ஞாயிறாவது மத்தியானம் காலை நீட்டிப் படுக்கவேண்டும் என்று நினைப்பது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் ஒரு சனிக்கிழமை, அவர் கடைக்குப் போனபிறகு, பைப்பை நகத்தின் அகலத்துக்கு உள்ளே தள்ளினேன். நீளம் தெரிவதற்காக அவர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். அதை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வேறிடத்தில் நானே ஒரு கோடு போட்டேன். அவர் போட்டதைவிட நேராகவே இருந்தது.

மறுநாள் தோற்றார். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அவர் புரொப்பல்லர்மேல் சந்தேகப்பட்டார். பைப் குட்டையாகிவிட்டால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றினால்தான் ஏறும். ஆகவே சின்ன புரொப்பல்லராகப் பார்த்து மாட்டினார். கிட்டத்தட்டச் சரியாகவும் வந்தது. நான் கோட்டை மாற்றிப் போட்டு, பைப்பை வெளியே இழுத்துவிட்டேன். பெரியது வாங்கினார், மறுபடி உள்ளே தள்ளினேன். இப்படியே போயிற்று. வீட்டில் இப்போது பீரோவைத் திறந்தால் புரொப்பல்லர் உதிர்கிறது.

ஒரு தடவை என் கணக்குத் தப்பி, பைப் ஏறிவிட்டது. அவர் முகம் மலர்ந்து திரும்பினார். “இன்னும் ஏறலையேங்க” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காதைத் தேய்த்துக்கொண்டார்.

அதற்குப்பிறகு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் கொஞ்சம் மெதுவாகப் பேசினேன். “அப்பவே கூப்பிட்டேனே, காதுல விழலையா?” என்று அவ்வப்போது கேட்டேன். பெண்பிள்ளை மெதுவாகப் பேசுவதை எந்த ஊரிலும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

கோபமா? சேச்சே. எப்போதோ ஒருமுறை, இதெல்லாம் தொடங்குவதற்குமுன், பைப் ஏறவில்லை என்று நான் சொன்னதற்கு, “குக்கர் சத்தத்துக்கும் பைப் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவ, வந்துட்டா” என்றார். கிளப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கிளப் செக்ரட்டரி தீபாங்கர்தா பச்சை ஸ்வெட்டரில், கையிலிருந்த டீயைக் காலில் கொட்டிக்கொண்டு, எல்லோரும் நிறுத்தியபிறகும் சிரித்தார். நான் சொன்னதுதான் சரி, அன்று பைப் ஏறவே இல்லை. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். காப்பி அரைபட்டுக்கொண்டிருந்தது. இவர் மெஷினை நிறுத்தாமல், வேலைக்கு இருக்கும் சூசைராஜைக் கூப்பிட்டு, “பதம் வந்துடுச்சா பாருப்பா, எனக்குச் சரியாக் கேக்கல” என்றார். இத்தனை வருஷம் தன் காதைத் தவிர எதையும் நம்பாத மனுஷர். வீட்டுக்கு வரும் வழியில், “காது போச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டா விமானத்த உதய்க்குக் குடுத்துடப் போறேன். கேக்காத காதோட அதக் கிளப்புறது பாவம்” என்றார். உதய் கிளப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஐ.டி. பையன். மீட்டர் வைத்துக்கொண்டு அலைகிறவன்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், போதும் என்று. என் கோட்டை அழித்துவிட்டு, பைப்பைப் பழைய இடத்திலேயே வைத்து, அதற்கு ஏற்ற பழைய புரொப்பல்லரையும் தேடி மாட்டினேன். இனி எந்தக் குறையும் இல்லை. அவரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் நான் சரிசெய்துவிட்டேன்.

நேற்று ஞாயிறு. எஞ்சினைக் கிளப்பினார். நான் வாலைப் பிடித்திருந்தேன். பைப் ஏறியது. அப்படியொரு கணீர் சத்தத்தை இதுவரை நான் கேட்டதில்லை. தோள்பட்டையே கழன்றுவிடும்போல் இழுத்தது. ஆனால் அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்து, “ஏறிடுச்சா சங்கரி?” என்று கேட்டார். கிளப் மொத்தமும் என் வாயையே பார்த்தது. தீபாங்கர்தாகூட டீயை அப்படியே பிடித்துக்கொண்டு, “பௌதி கி போல்சேன்?” அண்ணி என்ன சொல்கிறார்கள் என்று, பக்கத்திலிருந்தவரிடம் பயபக்தியோடு விசாரித்தார்.

“இன்னும் இல்லைங்க” என்றேன்.