வாஷர் போட்டாச்சு

"முன்ன போவ நாலு கியர் வச்சிருக்காவ, பின்ன போவ மட்டும் ஏன் மாமா ஒண்ணே ஒண்ணு?" என்று அமலி ஒரு நாள் என்னிடம் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அவள் குனிந்து, தலைகீழாகத் தெரிந்த முகத்தோடு கேட்டாள்.

"பின்னால ரொம்ப தூரம் யாரும் போவ மாட்டாவ மக்ளே, அதான்" என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஐயா, நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து, சபைக் கமிட்டிக்கு என் பெயரைச் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை ஆறு வருஷமாக வளர்க்கிறவன் என்று காரணமும் சொன்னீர்கள். வீட்டுக்காரி ஜீவமணி காப்பியோடு வந்து நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இன்று நானே பாதிரியார் பங்களாவுக்கு வந்தேன். அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

அமலியின் தகப்பன் தனராஜ் திரேஸ்புரத்துக்காரன். பதினைந்து வயதிலிருந்து சங்கு குளித்தவன். முப்பதைத் தாண்டும்போது இடது தோள் கெட்டுப்போனது. கையை முன்னால் நீட்ட முடியாது. கடலை விட்டுவிட்டு, உப்பு வியாபாரி தாணுலிங்கம் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தான். முதலாளியின் கார் பழைய சீமைக் கார். கியர் ராடு தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் நிற்கும். முதல் கியர் போட வேண்டுமென்றால் தனராஜ் உடம்பையே முன்னால் சாய்த்துத் தள்ளுவான். முதலாளி கவனித்துவிட்டால் வேலை போய்விடும். அவன் மனைவி பிலோமிதான் அவனை என் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிவந்தாள்.

"இவருக்குக் கைதான் நீளாது அண்ணாச்சி. வாய் மணப்பாடு வரைக்கும் நீளும்" என்றாள்.

"ஏளா, சும்மா கெட" என்றான் தனராஜ். மூன்று பேரும் சிரித்தோம்.

கூலி வேண்டாமென்று சொல்லி வேலையை எடுத்துக்கொண்டேன். பெரிய தர்மம் செய்ய நமக்குக் கொடுப்பினை இல்லை. சின்ன இரக்கங்களைத்தான் கர்த்தர் நம் கையில் கொடுத்திருக்கிறார் என்று நான் நம்புகிறவன். நீங்களும் அப்படித்தான் பிரசங்கம் செய்திருக்கிறீர்கள். ராடை மேலே ஒரு சாண் வெட்டினேன். அடியில் ராடு திரும்புகிற உருண்டைக் குண்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி வெல்டிங் வைத்தேன். நாலு கியரும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் வந்துவிட்டன. இறுக்கம் கூடியதுதான். ஆனால் தனராஜின் முழங்கை விலாவை விட்டு நகர வேண்டியதில்லை. முதலாளி அதைப் புது நாகரிகம் என்று நினைத்துக் கூட்டாளிகளிடம் காட்டினாராம்.

மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. மூன்றாவது கியர் நிற்காமல் நழுவியது. ராடின் வளைவு தரைத் தகட்டின் விளிம்பில் இடித்ததால் கியர் முழுக்க உட்காரவில்லை. விளிம்பை அராவிவிட்டேன். அப்புறம் ராடு கிடுகிடுவென்று ஆடியது. ரப்பர் புஷ்ஷை மாற்றினேன். கடைசியாக ஒரு கோளாறு மிஞ்சியது.

அந்தக் காரில் முதல் கியர் இடது பக்கம் மேலே. ரிவர்ஸ் அதற்கும் இடது பக்கம், அதே மேல் வரிசையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் காவல். முன்பெல்லாம் அதை அழுத்தித் தள்ளினால்தான் ரிவர்ஸ் விழும். நான் குண்டை ஏற்றியதில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பத்துத் தடவை முதல் கியர் போட்டால் ஒரு தடவை ரிவர்ஸ் விழுந்தது. கைக்கு வித்தியாசமே தெரியாது. கிளட்சை விட்ட பிறகுதான் தெரியும்.

"ஸ்பிரிங்குக்கு அடியில கனமா ஒரு வாஷர் வச்சா சரியாப் போவும்லே. பித்தளைத் தகடுதான் கையில இல்ல" என்றேன்.

தனராஜ் மறுநாள் ஒரு தகடு கொண்டுவந்தான். சங்கு அளக்கிற தகடு. நடுவில் வட்டமாக ஓட்டை. குளித்தெடுத்த சங்கு அந்த ஓட்டைக்குள் நுழைந்துவிட்டால் அது குஞ்சுச் சங்கு. திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும். சங்கு வாங்குகிற சர்க்கார் ஆபீசில் பழையதென்று கழித்துப் போட்டதை அவன் எடுத்து வைத்திருந்தான்.

"குளிச்ச காலத்துக்கு எங்கிட்ட மிச்சம் இது ஒண்ணுதான் அண்ணாச்சி. வெட்டிக்கிடுங்க. மிச்சம் மீதி இருந்தா திருப்பித் தாங்க" என்றான்.

மிச்சம் இல்லாமல்தான் வரும் என்று எனக்குத் தெரியும். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். தகட்டில் கோடு கிழித்து வைஸில் மாட்டியிருந்தேன். வெட்டி, அராவி, மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு நாலு மணி பஸ். மறுநாள் நாசரேத் கோயிலில் அசன விருந்து. சோறு பரிமாற வருவதாகச் சொல்லியிருந்தேன். அப்போது தனராஜ் வண்டியை எடுக்க வந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான்.

"நாளைக்கு முதலாளி வண்டியத் தந்திருக்காரு அண்ணாச்சி. மணப்பாட்டுல மச்சான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிலோமி ஆயுசுல மொத தடவ கார்ல போறா. எதுத்த வீட்டுக்காரிட்ட நேத்துலேர்ந்து வாய் மூடல. வாஷர் போட்டாச்சா?"

இல்லை என்றால் அவன் பஸ்ஸில்தான் போவான். பயந்த சுபாவம். பிலோமியின் முகம் எனக்குத் தெரிந்தது.

"போட்டாச்சுலே" என்றேன். "சந்தோசமாப் போயிட்டு வா."

தகட்டை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அது ஒரு சின்ன இரக்கம், ஐயா. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

மறுநாள் காலையில் முந்நூறு பேருக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தூத்துக்குடியில் கார் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிச் சுவருக்கு முதுகு கொடுத்து நின்றிருந்தது. அமலி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பிலோமி பலகாரக் கூடையோடு பின்னால் போனாள். "கொஞ்சம் முன்ன எடுங்க, டிக்கி தொறக்க எடம் பத்தல" என்றாளாம். முன்னால் போகிற காருக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு என்ன ஆபத்து? தனராஜ் முதல் கியர் போட்டான்.

காருக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி. ரொம்ப தூரம் இல்லை. பிள்ளையிடம் நான் சொன்னது சரிதான்.

திங்கட்கிழமை முதலாளி ஆள் அனுப்பினார். வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு விட வேண்டும், அங்கே ஓட்டத் தெரிந்தவர் அன்று யாரும் இல்லை. ஏட்டையா சாவியை என் கையில் தந்தார். போகிற வழியில் என் ஒர்க்‌ஷாப். கதவைச் சாத்திக்கொண்டு வாஷரை வெட்டினேன். அவசரப்படவில்லை. விளிம்பில் பிசிறு இல்லாமல் அராவி, ஸ்பிரிங்குக்கு அடியில் உட்கார வைத்தேன். அதுவரை நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். பின் பம்பரைத் துடைக்கவில்லை. அது என் வேலை இல்லை.

வண்டியைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் முதல் கியரை இருபது தடவை போட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட ரிவர்ஸ் விழவில்லை. "யாரு செஞ்சது? நல்லா செஞ்சிருக்கானே" என்றார். வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதினார். கோர்ட்டில் என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். ஸ்பிரிங்குக்கு வாஷர் போட்டிருந்தாயா என்று கேட்டார்கள். பைபிளில் கை வைத்து, "போட்டேன்" என்றேன். எப்போது போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.

தனராஜுக்கு ஆறு மாசம். லைசென்சும் போனது. மணப்பாட்டு மச்சான் அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றான். பிள்ளைக்கும் அதே முகம்தான் என்று அவளையும் ஏற்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், தொட்டில் கட்டவில்லை. அமலியைக் கூட்டிவந்தோம். கவுன் தைத்தோம், பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கே அனுப்பினோம். பாளையங்கோட்டை ஜெயிலுக்கு மாசம் ஒருமுறை அவளைக் கூட்டிப்போய்த் தகப்பனிடம் காட்டினேன். வழியில் முறுக்கு வாங்கிக் கொடுப்பேன்.

விடுதலையானதும் தனராஜ் நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். வாஷர் போட்டீயள்லா?"

"போட்டேம்லே. இன்ஸ்பெக்டரே பாத்தாருல்லா."

அவன் தன் இடது கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தான், யாருடைய கையோ என்பதுபோல. "அப்பம் இந்த எளவெடுத்த கைதான்" என்றான்.

நான் அவன் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினேன். ஆண்டவர் மன்னிக்கிறவர் என்று சொன்னேன். அழுதான். அன்று என் வீட்டில்தான் சாப்பிட்டான். ஜீவமணி மீன் குழம்பு வைத்திருந்தாள். போட்டேன் என்று நான் சொன்னதில் அப்போது பொய் இல்லை, ஐயா. கவனித்துப் பாருங்கள். சனிக்கிழமை சொன்னது மட்டும்தான் பொய்.

வேறு வேலை தெரியாததால் அவன் மறுபடி சங்கு குளிக்கப் போனான். நாலாம் நாள் முங்குவதற்குக் கட்டும் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன், அடியில் போய்க் கல்லை விடவில்லை. வள்ளத்தில் இருந்தவர்கள் கயிறு அசையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். தோள்வலியில் மயங்கியிருப்பான் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் அமலியிடம் சொன்னேன்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. போன வருஷத்திலிருந்து என்னை அப்பா என்கிறாள். கர்த்தர் தந்த பிள்ளை என்று ஜீவமணி சொல்லுகிறாள். நான் மறுத்ததில்லை. சில நாள் சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடி, "எங்க அப்பா செஞ்ச பாவத்த மன்னியும்" என்று அமலி ஜெபம் பண்ணுகிறாள். தனராஜைத்தான் சொல்லுகிறாள். நான் ஆமென் சொல்லுகிறேன்.

நீங்கள் நேரடியாகக் கேட்டால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பிலோமியைக் கொன்றது தனராஜின் கை அல்ல, நான். தனராஜைக் கொன்றதும் நான்தான். ஆனால் இதை அமலியிடம் சொல்ல வேண்டாம். அவள் இப்போதுதான் ராத்திரியில் பயப்படாமல் தூங்குகிறாள். அவளுக்கு நாம் செய்யக்கூடிய இரக்கம் அது. கமிட்டி விஷயம் உங்கள் இஷ்டம்.

போன மாதம் தாணுலிங்கம் முதலாளி அந்தக் காரை உடைத்து எடுக்க என்னிடம் தந்தார். கியர் பெட்டியைத் திறந்தேன். வாஷர் போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. வெளிவிளிம்பை நான் அராவியிருந்தாலும் நடுவில் இருந்தது சங்கு அளந்த அதே ஓட்டைதான். மண்ணெண்ணெயில் கழுவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போன ஞாயிறு ஆராதனைக்குத் தலைவலி என்று வராமல் இருந்தேனே, அன்று திரேஸ்புரத்துக்குப் போனேன். ஊர் முழுக்கப் பூசையில் இருந்தது. வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன. முழங்கால் தண்ணீர் வரைக்கும் நடந்துபோய், கை கொண்ட மட்டும் தூரமாக வீசினேன். இனி இதற்கெல்லாம் என் வாய்ச்சொல் ஒன்றுதான் ஆதாரம்.

மிச்சம் இருந்தால் திருப்பித் தரச் சொன்னான், தந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. தனராஜுக்கு நான் பட்ட கடன் அது ஒன்றுதான்.