பின்னறை ரோஜாக்கள்

ரோஜாவைக் காயவைக்கும்போது காம்புகளை நூலால் கட்டக் கூடாது, ஐயா. ரப்பர் பேண்டுதான் போட வேண்டும். காயக் காயக் காம்பு மெலிந்துபோகும். நூல் தளர்ந்து, தலைகீழாகத் தொங்கும் பூ தரையில் விழுந்து நொறுங்கிவிடும். இது தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல பூக்களைப் பாழாக்குகிறார்கள். அவர்களை யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதில்லை.

எங்கள் தோட்டத்துச் செடி பல வருஷம் முள்ளை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. இந்த வருஷம்தான் மனம் இரங்கிக் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பனி உலர்ந்ததும், முழுதாக விரியும் முன்பே வெட்டி, கீழ் இலைகளை உருவி, பின்னறையில் தொங்கவிட்டேன். நிறம் வெளுக்காமலிருக்க ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். வெளிச்சத்தைத் தடுத்துவிடலாம். ஈரத்தை எப்படித் தடுப்பது? முதல் கொத்தில் பூஞ்சணம் பிடித்தபோது சாப்பிடாமல் கொள்ளாமல் அழுதேன். கண்ணீரும் ஈரம்தானே என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு வீட்டில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துணிகளை உள்ளே உலர்த்துவதை நிறுத்தினேன். அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டு ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கினேன். மீன்தொட்டியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன்; அங்கே பூனை இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் அது அவர்கள் வீட்டு விஷயம். சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதம் காட்டும் கருவியின் முள் மெல்ல இறங்கியது. சாயங்காலம் என் கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் திரும்ப ஏறிவிட்டது.

அவர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். தங்கமான மனிதர். ஆனால் தண்ணீரிலேயே பிழைப்பு நடத்துகிறவரைக் காய்கிற பூவோடு ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். லீவு போடச் சொன்னேன். முணுமுணுக்காமல் போட்டார். அப்போதும் முள் இறங்கவில்லை. அவருக்கு வியர்வை அதிகம். குடிக்கிற தண்ணீர்தானே வியர்வையாகிறது? அதனால் அவரைப் படுக்கையறையில் வைத்துப் பூட்டினேன்.

"ஏம்மா, ஒரு வாய் தண்ணியாவது குடேன்," என்றார் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பேசாதீங்க, பேசினா மூச்சுல ஈரம் வருது," என்றேன். சொன்ன பேச்சைத் தட்டாதவர். மறுநாள் அவர் பேசவே இல்லை. முள் அழகாக இறங்கி நின்றது.

அண்ணன் போனை எடுக்கவில்லை என்று என் நாத்தனார் ஆட்களோடு வந்து படுக்கையறைக் கதவை உடைத்தாள். "அண்ணி, எங்க அண்ணன் உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் கதவை அகலத் திறந்து போட்டவள் அவள்தான். யாருக்கு மனசில்லை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொடுத்தேன். அவர் என்றால் எனக்கு உயிர். முகத்தில் களை திரும்பியிருந்தது. நெற்றியில் லேசாக வியர்வைகூட அரும்பியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நல்லா தேறிட்டார். காலையில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றார்.

கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை. குளுக்கோஸ் குழாயை நான்தான் பிடுங்கினேன். நர்ஸைக் கூப்பிடும் மணியையும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஐயா. பூவுக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டியிருந்தது.