தோல் அட்டைக்கு ஆகாத காற்று

கொடைக்கானலில் அப்பளம் பொரித்து இலையில் வைப்பதற்குள் நமுத்துப்போகும், இன்ஸ்பெக்டர் சார். அப்பளத்துக்கே அந்தக் கதி என்றால், இருநூறு வருஷத்துக்கு முன் கன்றுத் தோலில் கட்டிய ஆங்கில நாவல்களை நினைத்துப் பாருங்கள்.

தபால் இலாகாவிலிருந்து இரண்டாயிரத்து மூன்றில் ஓய்வு பெற்று செண்பகனூரில் குடியேறினேன். வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாக்களில் பழைய சாமான் போடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். என் அலமாரியைப் பார்த்தால் மன்னவனூர்ப் பண்ணை ஆடுகள் மொத்தமும் ஒப்பாரி வைக்கும், அவ்வளவு தோல். லண்டன் மாநகரத்திலேயே இப்படி ஒன்று கிடையாது என்று பால்காரர் செல்லப்பாண்டியிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். பாவம், நம்பினார்.

என் மனைவி தேவசேனா பழனிக்காரி. பஞ்சாமிர்தக் கடை வீடு. மலைக்கு வந்த முதல் மழையிலேயே மூச்சிளைப்பு கண்டது.

"அம்மாவுக்குக் குளிரும் ஆகாது, கரிப்புகையும் ஆகாது. கீழ கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் டாக்டர்.

பழனி வெயிலில் தோல் அட்டை வெடித்துவிடும். அவளிடம் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப என் தோலு எக்கேடு கெட்டாலும் சரி, கன்னுக்குட்டித் தோலு நல்லாருக்கணும். அதான?" என்று சிரித்தாள்.

சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூடுபனி ஏறும்போது புத்தக அறைச் சன்னல்களை அடைத்து, இடுக்கில் துணி செருகி, கரிச்சட்டி மூட்டுவது என் வழக்கம். பூசணத்துக்கு வேறு மருந்து இல்லை. வீட்டிலேயே கதகதப்பான இடம் என்று அவள் கட்டிலும் அங்கேதான் கிடந்தது. அடைத்த அறையில் கரி கனன்றால் மனிதர் பிழைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அவளை முன்னறையில் உட்காரவைத்துவிட்டுத்தான் மூட்டுவேன்.

சம்பவத்துக்கு முந்தின நாள் நான் வெளியே போயிருந்தபோது அவள் சன்னலைத் திறந்துவிட்டாள். ஒரு நாவலின் முதுகு முழுக்கப் பூசணம். நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் காலையில் சன்னல்களுக்கு ஆணி அடித்தேன்.

மத்தியானம் பள்ளத்தாக்கிலிருந்து பனி சுருண்டு வந்தது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"இன்னிக்கு ஒரு நா கரி வேணாங்க. மூச்சு முட்டுது."

சட்டியை நிறைத்து மூட்டினேன். போர்வையை இழுத்துவிட்டேன். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

அழுதழுது என் கண் வீங்கியிருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். அவளுடைய தலையணையில் தைல வாசனை இன்னும் போகவில்லை. அதில் முகத்தை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அவளைப்போல் ஒருத்தி ஏழு உலகத்திலும் இல்லை, சார். இது ஒன்றை மட்டும் நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எழுந்திருக்க முடியாதவள் எப்படியோ கதவு வரைக்கும் வந்துவிட்டாள். "ஏங்க, ஏங்க" என்று கேட்டது. பிறகு கதவில் அடிக்கிற சத்தம். கையால் அடிப்பதாக இல்லை. கனமாக, மொத்தென்று விழுந்தது. எதை எடுத்து அடிக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவருகே நின்றேன்.

"அதக் கீழ வையி, தேவசேனா. அட்டை முனை மடங்கிரும்" என்றேன்.

உடனே வைத்துவிட்டாள். கடைசிவரை அவளுக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.