நார்த்தைக்கு மண் மாற்றிய காலை

தொட்டியில் வைத்த நார்த்தைச் செடி தண்ணீர் குறைந்து சாவது அபூர்வம் சார். அள்ளி அள்ளி ஊற்றுகிறவர்களால்தான் சாகும். இந்த வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதி வாசித்துக் காட்டினார். அதில் நான் அழுதுகொண்டே சொன்னதாக இருந்தது. நான் அழவில்லை.

என் கணவர் ஆனந்தகிருஷ்ணன் தினமும் மாடியில் பூஜை செய்வார். பால், தேன், சர்க்கரை எல்லாம் போட்டு அபிஷேகம். அபிஷேகம் செய்ததைக் கால்படும் இடத்தில் கொட்டக் கூடாதாம். கரமனையாறு பக்கத்திலேயே ஓடுகிறது. அங்கே கொண்டுபோய் விட அவருக்குச் சோம்பல். பூஜை அறைக்கு வெளியே மொட்டைமாடியில் இருந்த என் நார்த்தைத் தொட்டியில் ஊற்றிவிடுவார்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். பால் புளித்து வேர் அழுகும் என்று எத்தனையோ முறை சொன்னேன். "பகவானுக்கு ஆன பால், செடிக்கு ஆகாதோடி?" என்பார். செக்‌ஷன் ஆபீஸராக இருந்த மனிதர்! அந்த வீட்டில் நான் சொன்னதைக் கேட்டது அந்தச் செடி ஒன்றுதான். அதன் மேல் எனக்கு உயிர். இலை மஞ்சளாகிக் கொட்டி, கிளை நுனி காய்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அன்று ஒன்பதரைக்குச் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். வேர் கறுத்து நாறியது. அழுகியதை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பாத்திரத்தோடு வந்தார். தொட்டி காலியாக இருந்ததால் எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் முழித்தார். கை ஆடிப் பால் தரையில் சிந்தியது. அதை மிதித்துவிடக் கூடாதென்று ஒரு காலைத் தூக்கினார், மற்றக் கால் வழுக்கியது. இப்படி விழ அவரால்தான் முடியும்.

தலை கைப்பிடிச் சுவரில் மோதியது. "ஜெயம், அடுத்தாத்து சுப்புவை விளியேன்" என்றார், தெளிவாகவே.

"செத்த இருங்கோன்னா, வேர் வெளியில கெடக்கு" என்றேன்.

வேர் காய்ந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மணல், செம்மண், தேங்காய் நார்த்தூள் கலந்து, செடியை நட்டு, ஆடாதபடி குச்சி வைத்துக் கட்டினேன். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பத்தரைக்கு மேல் கூப்பிடவில்லை. செல்போன் என் இடுப்பில்தான் இருந்தது. கை கழுவிவிட்டுப் பதினொன்றேகாலுக்குச் சுப்புவை அழைத்தேன். இப்போதுதான் விழுந்தார் என்று சொன்னேன். அது பொய்.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராமே. எனக்கு அது அப்போதே தெரியும். இந்த இருபத்தாறு நாளில் செடி மூன்று இடத்தில் துளிர்த்திருக்கிறது. நான் இங்கே இருக்கும்வரை யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சுப்புவிடம் சொல்லுங்கள்.

சுப்பு உங்களிடம் சொன்னது சரிதான். வெயில் ஏறியதும் செடியை நிழலுக்கு நகர்த்தினேன், கணவரை நகர்த்தவில்லை. அடிபட்டவர்களை அசைக்கக் கூடாது சார். அதுகூடத் தெரியாதவளா நான்?